மனச்சோர்வு மாத்திரை சர்க்கரையைக் கூட்டுமா, குறைக்குமா?

பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வருபவருக்கு, மனநல மருத்துவர் புதிதாக ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தால், ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவு மாறக்கூடும், இன்சுலின் அளவைத் திருத்த வேண்டியிருக்கலாம்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. எந்தப் பக்கம் மாறும் என்பதை அந்த வரி சொல்வதில்லை. இணையத்தில் தேடினால் ‘சர்க்கரையைக் குறைக்கும்’ என்று ஒரு கட்டுரையும் ‘சர்க்கரை நோயையே கொண்டுவரும்’ என்று இன்னொரு கட்டுரையும் கிடைக்கின்றன. ஏற்கெனவே ஆறு மாத்திரை, இது வேறா என்று வீட்டில் கேட்கிறார்கள். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போகிறது.

அந்த இரு கட்டுரைகளிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்த மாத்திரை, யாருக்கு, எத்தனையாவது வாரத்தில் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

தமிழ் நாளிதழ்கள் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. சிகிச்சையில் வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

1. மன அழுத்தம். கடன், வேலைப்பளு, மகளின் திருமணம் போன்ற வெளிச்சுமையால் வருவது. சுமை இறங்கினால் இதுவும் இறங்கும்.

2. மனச்சோர்வு. இது ஒரு நோய். மனம் தாழ்ந்து கிடப்பது, முன்பு பிடித்தவை எதிலும் நாட்டம் இல்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, கவனம், உடல் வலு ஆகியவற்றில் மாற்றம், தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து, குறைந்தது இரண்டு வாரம் நாள்தோறும் நீடிக்க வேண்டும்.

3. சர்க்கரை நோயால் வரும் சலிப்பு. ‘எத்தனை நாள்தான் இப்படி அளந்து அளந்து சாப்பிடுவது’ என்ற களைப்பு, கண் போய்விடுமோ, கால் போய்விடுமோ என்ற பயம், ஊசியின் மேல் வெறுப்பு. இவரால் பேரக்குழந்தையோடு சிரிக்க முடியும், படம் பார்க்க முடியும். சர்க்கரை என்ற பேச்சு வந்தால்தான் முகம் மாறும்.

மூன்றாவது நிலைக்கு மாத்திரை கிடையாது. உணவுத் திட்டத்தை எளிதாக்குவது, ஊசி எண்ணிக்கையைக் குறைக்க வழி பார்ப்பது, பொறுமையாகப் பேசுவது ஆகியவைதான் அதற்கு மருந்து. இந்தச் சலிப்பை மனச்சோர்வு என்று எண்ணி மாத்திரை கொடுத்தால் ஆறு மாதம் வீணாகும். மனச்சோர்வைச் சலிப்பு என்று தள்ளிவிட்டால் விளைவு அதைவிட மோசமாக இருக்கும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனச்சோர்வு உள்ளவர் மருத்துவரிடம் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அரிது. ‘ஒரே அசதி’, ‘உடம்பெல்லாம் வலி’, ‘ராத்திரி தூக்கமே இல்லை’ என்றுதான் சொல்வார். சர்க்கரை கூடினாலும் இதே அசதி வரும். சிறுநீருக்கு நான்கு முறை எழுந்தாலும் இதே தூக்கமின்மை வரும். அதனால் உடல் அறிகுறிகளை மட்டும் எண்ணி முடிவு செய்ய முடியாது. பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘முன்பு ஆசையாகச் செய்த எதையாவது இப்போது விட்டுவிட்டீர்களா?’ என்பதுதான். வெறும் சர்க்கரையால் களைத்தவருக்கு ஆசை இருக்கும், உடம்பு ஒத்துழைக்காது. மனச்சோர்வில் ஆசையே வற்றிவிடும்.

இரு நோய்களும் ஒன்றையொன்று இழுப்பது ஏன்?

நீண்ட துயரத்தால் நீரிழிவு வரும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். அவர் காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை என்றாலும், கண்டது பொய்யில்லை. சர்க்கரை நோய் இல்லாதவர்களைவிட, இருப்பவர்களுக்கு மனச்சோர்வு ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது என்று 2001இல் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. 2008இல் வந்த மற்றொரு தொகுப்பு திசையையும் காட்டியது: மனச்சோர்வு இருப்பவருக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுதல், சர்க்கரை நோய் இருப்பவருக்குப் புதிதாக மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் கூடுதல். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. இவ்வளவு பேருக்குச் சின்ன சதவீதம்கூடப் பெரிய கூட்டம்.

மனம் தாழ்ந்து கிடக்கும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுகிறது, இன்சுலினின் வேலையை மழுங்கச் செய்கிறது. இது உடலுக்குள் நடக்கும் பாதை. வெளியே நடப்பதுதான் இன்னும் கனமானது. நடைப்பயிற்சி நிற்கும். சமைக்க மனமில்லாமல் பன்னும் டீயுமாக இரவு கழியும். மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே நினைவில் இருக்காது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7.5இலிருந்து 10க்குப் போகும். மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்து ‘வாயைக் கட்டவே மாட்டீர்களா’ என்று கடிந்துகொள்வார். ஏற்கெனவே தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவர் அடுத்த மாதம் மருத்துவமனைக்கே வரமாட்டார்.

மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை

தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே தோன்றும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அந்தக் குறைவு அசதி, மறதி, மனத் தளர்ச்சி, கால் மதமதப்பு என்று எல்லா வேடமும் போடும். சாதாரண ரத்தப் பரிசோதனைகளே போதும். கூடவே சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தேவைப்பட்டவர்களுக்கு இசிஜி ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் எந்த மாத்திரை பொருந்தும் என்பது தெளிவாகும்.

லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையைத் தொட வேண்டியதில்லை. முறையான பேச்சுச் சிகிச்சையும் நாள்தோறும் உடலசைவும் பலருக்குப் போதும். நடுத்தர, கடுமையான நிலைகளில்தான் மாத்திரை தேவை. அங்கே தயங்குவது தவறு.

ஒரே மாத்திரை, இரண்டு கணக்கு

சர்க்கரை நோயாளிக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுக்கும்போது சர்க்கரை அளவில் இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன.

முதல் கணக்கு, அந்த வேதிப்பொருள் நேரடியாகச் செய்வது. பசியைக் கூட்டலாம், குறைக்கலாம், எடையை ஏற்றலாம், கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றலாம், இன்சுலின் வேலை செய்யும் திறனை மாற்றலாம். இரண்டாவது கணக்கு, மனம் தேறுவதால் வரும் பலன். மனிதர் மறுபடி நடக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறார், சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் லஸ்ட்மன் குழுவினர் செய்த மூன்று ஆய்வுகள் இந்த இரட்டைக் கணக்கை நன்றாகக் காட்டுகின்றன. 1997இல் நார்ட்ரிப்டிலின் என்ற பழைய வகை மாத்திரையைச் சோதித்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, ஆனால் மாத்திரை தன்னளவில் சர்க்கரையைக் கூட்டியது. மனம் தேறியதால் கிடைத்த நன்மையை மாத்திரையின் நேரடி விளைவு தின்றுவிட்டது. 2000இல் 60 பேரில் ஒரு பகுதியினருக்கு ஃப்ளூவாக்ஸெடினையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஃப்ளூவாக்ஸெடின் குழுவில் மனச்சோர்வு குறைந்ததோடு மூன்று மாதச் சராசரியும் இறங்கும் போக்கைக் காட்டியது. 2006இல் வெளியான ஆய்வு 152 பேரைப் பற்றியது. செர்ட்ராலினால் தேறியவர்களில் ஒரு பாதிக்கு மாத்திரையைத் தொடர்ந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு திரும்ப 57 நாள்தான் ஆயிற்று. செர்ட்ராலின் குழுவில் அதே அளவுக்கு 226 நாள். மனச்சோர்வு திரும்பாமல் இருந்த காலம் முழுவதும் சர்க்கரைக் கட்டுப்பாடு இரு குழுவிலும் நன்றாகவே இருந்தது. அதாவது, அங்கே சர்க்கரையைக் காத்தது மாத்திரையின் வேதியியலைவிட மனம் நலமாக இருந்ததுதான்.

இவை சிறிய ஆய்வுகள், குறுகிய காலத்தவை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தபோதும் மனச்சோர்வில் நடுத்தர அளவு முன்னேற்றமும், குறுகிய காலத்தில் மூன்று மாதச் சராசரியில் சுமார் 0.4 இறக்கமும்தான் தெரிந்தன. 0.4 என்பது பெரிய எண் இல்லை. எனவே மனச்சோர்வு மாத்திரையைச் சர்க்கரை இறங்கும் என்பதற்காக யாரும் சாப்பிட வேண்டாம். மனச்சோர்வு என்ற துன்பம் நீங்குவதற்காகச் சாப்பிட வேண்டும். அதுவே போதிய காரணம்.

மாத்திரை வகைகள்

1. எஸ்எஸ்ஆர்ஐ வகை: செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம், ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின். மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் கூடுதல் நேரம் தங்கும்படி செய்பவை. சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கப்படுபவை செர்ட்ராலினும் எஸ்சிடாலோபிராமும். எடையையும் சர்க்கரையையும் அதிகம் கலைப்பதில்லை. சில நேரம் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கின்றன. இதய நோய் உள்ளவர்களுக்குச் செர்ட்ராலின் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. ஃப்ளூவாக்ஸெடின் பசியைக் குறைக்கும். உடலை விட்டு வெளியேறப் பல வாரங்கள் ஆகும். பராக்ஸெடின் இந்த வகையிலேயே எடையை அதிகம் கூட்டுவது என்பதால் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இந்த வகையில் வாய்விட்டுப் பேசப்படாத பக்கவிளைவு ஒன்று உண்டு. தாம்பத்திய உறவில் நாட்டமும் திறனும் குறையும். சர்க்கரை நோயால் ஆண்களில் பலருக்கு இந்தக் குறை ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், நோயாளி காரணம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன; கேட்டால் கிடைக்கும்.

2. எஸ்என்ஆர்ஐ வகை: டுலாக்ஸெடின், வென்லாஃபாக்ஸின். செரோடோனினோடு நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளையும் தங்க வைப்பவை. டுலாக்ஸெடினுக்குத் தனி இடம் உண்டு. மனச்சோர்வுக்கும் சர்க்கரையால் வரும் கால் நரம்பு வலிக்கும் சேர்த்து, 2004ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது. இரவெல்லாம் கால் எரிந்து தூங்க முடியாமல், அதனாலேயே மனமும் ஒடிந்துபோனவருக்கு ஒரே மாத்திரை இரண்டுக்கும் உதவும். வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று ஏறலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். வென்லாஃபாக்ஸின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும்.

3. ட்ரைசைக்ளிக் என்ற பழைய வகை: அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், இமிப்ரமின். மலிவானவை, வலிமையானவை. ஆனால் மனச்சோர்வுக்குத் தேவையான அளவில் எடையையும் சர்க்கரையையும் கூட்டுபவை. மலச்சிக்கல், வாய் உலர்தல், எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர் தடைபடுதல், இதயத் துடிப்பில் மாற்றம் எல்லாம் வரும். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கும்.

4. மிர்ட்டஸபின். தூக்கமும் பசியும் தரும். எடை உருகிப்போன முதியவருக்கு வரம். ஏற்கெனவே பருமனாக இருப்பவருக்குச் சர்க்கரையை ஏற்றும்.

5. புப்ரோபியான். எடையைக் கூட்டாது, தாம்பத்தியத்தைக் கெடுக்காது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

கால் எரிச்சல் மாத்திரைக்குள் இருப்பது என்ன?

சர்க்கரை நோயாளிகளின் மாத்திரைப் பையில் ‘நரம்பு மாத்திரை’ என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். அந்த அட்டையைத் திருப்பி, பின்புறம் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ப்ரிகாபலின் 75 மி.கி. (நரம்பு வலி மருந்து), மீதைல்கோபாலமின் (பி12 வைட்டமின்), அவற்றோடு நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. என்று பல நிறுவனங்களின் அட்டைகளில் இருக்கும். மனச்சோர்வு மாத்திரை வேண்டவே வேண்டாம் என்பவர், தனக்குத் தெரியாமலே அந்த வகை மருந்து ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை, 10 மி.கி. நரம்பு வலிக்கான அளவு. ஆனால் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, இந்த அளவு மனச்சோர்வுக்குப் போதாது. ‘நரம்பு மாத்திரை சாப்பிட்டும் மனசு தேறவில்லை’ என்பதால் மருந்தே பயனில்லை என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது, இதன் மேல் ஃப்ளூவாக்ஸெடினோ பராக்ஸெடினோ சேர்ந்தால் அவை நார்ட்ரிப்டிலின் உடலில் சிதைவதைத் தடுத்து, அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மனநல மருத்துவரிடம் போகும்போது அட்டைகளையே எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெயர் சொன்னால் போதாது.

கடைகளில் அதிகம் விற்கும் இன்னொரு கூட்டு, எஸ்சிடாலோபிராமும் குளோனஸெபாமும் சேர்ந்தது. குளோனஸெபாம் பதற்றத்தை உடனே தணிக்கும், தூக்கம் வரவழைக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாமே ‘தூக்க மாத்திரை’, விடவே முடியாது என்ற பயம் மக்களிடம் பரவியதற்கு இத்தகைய கூட்டுகளும் ஒரு காரணம். எஸ்சிடாலோபிராம் தனியாகத் தூக்க மாத்திரை இல்லை. பழக்கமாகும் பகுதி எது, அதை எத்தனை வாரத்தில் நிறுத்துவார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

முதல் ஆறு வாரம்

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். 56 வயதுப் பெண். காலையில் கிளிமிபிரைடு, இரு வேளை மெட்ஃபார்மின். செர்ட்ராலின் தொடங்கி இன்று நான்காவது நாள். இந்த மாத்திரைகளின் முதல் வாரத்தில் வயிறு புரட்டுவது சகஜம். வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுபவர் ஒன்றோடு எழுந்துவிடுகிறார். கிளிமிபிரைடு மட்டும் வழக்கம்போல் உள்ளே போய்விட்டது. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. பதினொன்றரை மணிக்கு அவருக்குக் கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ‘புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் செர்ட்ராலினை நிறுத்துகிறார்கள்.

நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் மூன்று காரணங்களால் வரலாம்: செர்ட்ராலினின் பக்கவிளைவு, மனப் பதற்றம், தாழ் சர்க்கரை. வெளியிலிருந்து பார்த்து மூன்றையும் பிரிக்க முடியாது, குளுக்கோமீட்டர் பிரித்துவிடும். விரலில் குத்திப் பார்த்து 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிறகு அழைக்க வேண்டியது சர்க்கரை மருத்துவரை. அவர் கிளிமிபிரைடின் அளவைச் சில நாள் குறைக்கச் சொல்வார், செர்ட்ராலின் தொடரலாம். ஃப்ளூவாக்ஸெடின், ஃப்ளூவாக்ஸமின் போன்றவை கிளிமிபிரைடு சிதையும் வேகத்தையும் குறைக்கக்கூடியவை என்பதால் அங்கே கவனம் இன்னும் தேவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுபவருக்குத்தான் அதிகம்.

இரண்டாவது ஆபத்துக் காலம் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அது ஐந்தாறு வாரம் கழித்து, மனம் தேறத் தொடங்கும்போது வருகிறது. மனச்சோர்வு மாதங்களில் சர்க்கரை ஏறிக்கிடந்ததால் மருத்துவர் மாத்திரைகளையும் இன்சுலினையும் கூட்டி எழுதியிருப்பார். நோயாளி அவற்றைப் பாதி நாள் போட்டிருக்கவே மாட்டார். இப்போது தேறிய மனிதர் எழுதிய எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுகிறார், காலையில் நடக்கவும் போகிறார். காகிதத்தில் ஏறிய அளவு முதல்முறையாக முழுதாக உடலுக்குள் போகிறது. சர்க்கரை சடாரென்று இறங்குவது இப்படித்தான். ‘முன்பு மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை’ என்ற உண்மையைச் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிடுவது மிக முக்கியம். அதைச் சொல்ல முடியாதபடி நோயாளியைத் திட்டி வைத்திருப்பது மருத்துவரின் பிழை.

மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை வாரத்தில் சில நாள் காலை, மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவு என்று சர்க்கரையைப் பார்த்து எழுதி வைத்தால் இரு மருத்துவர்களுக்கும் உதவும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டு; முதல் வகை சர்க்கரை நோயுள்ள இளைஞர்கள் இருக்கும் வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும். எந்த வயதிலும் அப்படி ஓர் எண்ணம் தலைதூக்கினால் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

சேரக் கூடாதவை

சர்க்கரை நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இவை மோதும் இடங்கள்:

1. ஆஸ்பிரின், வலி மாத்திரைகள். எஸ்எஸ்ஆர்ஐயோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

2. டிரமடால், லைனஸோலிட். முதலாவது வலிக்கு எளிதாக எழுதப்படுவது; இரண்டாவது, காலில் ஆறாத புண்ணுக்குச் சில நேரம் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக். இரண்டும் செரோடோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றி, காய்ச்சல், உதறல், குழப்பம் ஆகியவற்றைத் தரக்கூடும். கால் புண்ணுக்கு அறுவை மருத்துவரிடம் போகும்போது மனச்சோர்வு மாத்திரையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. சொல்ல வேண்டும்.

3. டாம்பெரிடோன். சர்க்கரையால் இரைப்பை மந்தமானவர்களுக்கு எழுதப்படுவது. எஸ்சிடாலோபிராமோடு சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் தவறக்கூடும்.

4. நீர் பிரியும் மாத்திரைகள், குறிப்பாகத் தையசைடு வகை. எஸ்எஸ்ஆர்ஐயும் சேரும்போது முதியவர்களுக்குச் சோடியம் இறங்கும். திடீர்க் குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் சர்க்கரையோடு சோடியத்தையும் பார்க்க வேண்டும்.

மாத்திரையே சர்க்கரை நோயைத் தருமா?

அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், மனச்சோர்வு மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது கூடுதலாகக் காணப்பட்டது. மெட்ஃபார்மின் குழுவில் மட்டும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2008இல் வெளியான இந்தத் தகவல்தான் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள். தவிர, மாத்திரை சாப்பிடுபவருக்கு மனச்சோர்வு என்ற காரணம் ஏற்கெனவே இருக்கிறது. மனச்சோர்வே சர்க்கரையைக் கொண்டுவரும் என்று மேலே பார்த்தோம். எது எதனால் என்று இத்தகைய ஆய்வுகளால் பிரிக்க முடியாது. எடையைக் கூட்டும் மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிட்டால் சர்க்கரை வாய்ப்பு கூடும் என்பது நியாயமான எச்சரிக்கை. எல்லா மாத்திரைக்கும் அதைப் பொருத்துவது தவறு. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவருக்கோ, சிகிச்சையில்லாத மனச்சோர்வு செய்யும் கேடு கண்ணெதிரே இருக்கிறது.

சர்க்கரை மருத்துவமனையிலேயே மனநலம்

இவ்வளவும் சரியாக நடக்க இரு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும். அதற்கு வழி உண்டா என்று இந்தியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் சர்க்கரைச் சிகிச்சை மையங்களில் 404 பேரைச் சேர்த்து நடந்த ‘இண்டிபெண்டன்ட்’ ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. எல்லோருக்கும் மனச்சோர்வு இருந்தது. அதோடு சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கொழுப்போ கட்டுக்குள் இல்லை.

ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றக் குழுவுக்கு, மருத்துவர் அல்லாத பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர். அவர் நோயாளியோடு தொடர்பில் இருந்து மனநிலையையும் சர்க்கரையையும் ஒரே இடத்தில் பதிவு செய்தார். மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அந்தப் பட்டியலைச் சேர்ந்து பார்த்து, யாருக்கு எதை மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து உடல் அளவுகளில் ஒன்றாவது முன்னேறியவர்கள் இந்தக் குழுவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம்.

வழக்கமான சிகிச்சையிலும் பாதிக்கு மேல் தேறியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் கிடைத்த வித்தியாசம் புதிய மருந்தால் வந்ததில்லை. இரு மருத்துவர்களுக்கு நடுவே, நோயாளியின் பெயரைத் தெரிந்த ஒருவர் இருந்ததால் வந்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. வாசலில் நிற்கும் அந்தப் பணியாளர், மாத்திரையோடு நாட்டம் பற்றிய அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், எத்தனையோ பேரின் நோய் ஓராண்டு முன்பே தெரிந்துவிடும்.

நிறுத்தும்போது

மனம் தேறியதும் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்வது வழக்கம். பலமுறை வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரலாம். இதையும் தாழ் சர்க்கரை என்று எண்ணி இனிப்பைத் தின்பவர்கள் உண்டு. இங்கேயும் குளுக்கோமீட்டரைக் கேட்பதுதான் சரி.

சர்க்கரை மாத்திரையின் அளவையும் அப்போது திரும்பப் பார்க்க வேண்டும். மிர்ட்டஸபினால் ஏறிய சர்க்கரைக்காக இன்சுலினைக் கூட்டியிருந்தால், மிர்ட்டஸபின் நின்ற பிறகு அந்தக் கூடுதல் யூனிட்டுகள் மிகையாகிவிடும். ஃப்ளூவாக்ஸெடினை நிறுத்தியவருக்கோ, அது முழுதாக வெளியேறும் நாலைந்து வாரத்தில் பசி திரும்பி, சர்க்கரை மெல்ல ஏறலாம். எனவே மனநல மருத்துவர் ‘இன்றிலிருந்து குறைக்கலாம்’ என்று சொல்லும் நாளிலேயே, அந்தத் தேதியைச் சர்க்கரை நோட்டிலும் எழுதிக்கொள்ள வேண்டும்.